தனியாக ஜெபிக்கத் தொடங்குவது எப்படி?

கேள்வி:
அண்மையில்தான் சபைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறேன். ஆராதனையில் மற்றவர்கள் கண்ணீரோடு சரளமாக ஜெபிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டில் தனியே முழங்காலிட்டால், எனக்கு இரண்டு வாக்கியங்களுக்குமேல் வருவதில்லை. மனப்பாடமான ஜெபத்தைச் சொல்வது தவறா?

மறுமொழி 1:
தவறில்லை, சகோதரி. ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீஷர்களில் ஒருவர் கேட்டபோது இயேசு கொடுத்ததே ஒரு சிறிய ஜெபம்தான் (லூக்கா 11). அதன் விரிந்த வடிவம் மத்தேயு 6:9-13இல் உள்ளது. அதை ஒரே மூச்சில் ஒப்பிக்காமல், 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்னுமிடத்தில் துதியையும், அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்குமிடத்தில் வாடகை, மருத்துவச் செலவு போன்ற தேவைகளையும், மன்னிப்பைக் கேட்கும் வரியில் நீங்கள் பேசாமலிருக்கும் உறவினரின் பெயரையும் சேர்த்து, வரிவரியாக நிறுத்தி ஜெபித்துப் பாருங்கள். ஆதித் திருச்சபையின் 'திதாகே' என்னும் நூலும் இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது.

மறுமொழி 2:
சரளத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். (நீட்டி ஜெபிப்பவர்களில் சிலர் சபையாருக்குத்தான் பிரசங்கிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.) லூக்கா 18இல் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ஜெபத்தில் சொன்னது, 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்பது மட்டுமே. அவனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான்.

மறுமொழி 3:
வார்த்தை வராத நாட்களில் சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள். மனம் அலைவது குறையும். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்ற முறையீட்டில் தொடங்கும் அது, துதியில் முடிகிறது. காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன்பே வாசித்துவிடுவது நல்லது.