ஞாயிறு மாலை வந்தாலே மனம் கனத்துப்போகிறவர்கள் இங்கே எழுதுங்கள்

கணக்குப் பிரிவு, 11 ஆண்டுகள்:

இரண்டு வாரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மாதக் கடைசி வேலைக்கு நான் பயப்பட்டதே இல்லை. பழைய மேனேஜர் இருந்தபோது அந்த நான்கு நாட்களும் பத்து மணிநேரம் உட்காருவோம். களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரும். எதை முதலில் முடிப்பது, எதை நாளைக்குத் தள்ளுவது என்று நாங்களே முடிவு செய்தோம். தேதிக்குள் கணக்கை முடித்தால் சரி, நடுவில் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நிற்கமாட்டார்.

அவர் மாறிப் போனார். புதியவர் வந்த பிறகு வேலை நேரம் உண்மையில் குறைந்தது, எட்டரை மணிநேரம்தான். ஆனால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மெயில் போடவேண்டும். மதியம் வரை ஒன்று அவசரம். மூன்று மணிக்கு அதை அப்படியே வைத்துவிட்டு வேறொன்று அவசரம். வெளியாருக்கு ஒரு வரி பதில் அனுப்பக்கூட அவரிடம் காட்டித்தான் அனுப்பவேண்டும். மூன்றே மாதத்தில் என் தூக்கம் போனது. விடிகாலை நான்கு மணிக்கு விழித்து, முதல் நாள் போட்ட பதிவுகளை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்தேன், அதுவரை நான் செய்யாத தப்பு. தப்பு வந்ததும் கண்காணிப்பு கூடியது. கண்காணிப்பு கூடக் கூடத் தப்பும் கூடியது.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் குறை என்னிடம்தான், நான் தளர்ந்துவிட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த நினைப்போடு இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த கருத்தைப் படித்தேன். வேலையின் பளு ஒரு பக்கம், அதை எப்படிச் செய்வது என்பதில் நமக்கு இருக்கும் உரிமை மறுபக்கம். பளு ஏறி உரிமை இறங்கும் இடத்தில்தான் ஆள் நசுங்குவார் என்கிறார் அவர். பளுவும் உரிமையும் சேர்ந்தே இருந்தால் அந்த வேலை ஆளை வளர்க்கவும் செய்யுமாம். என் இரண்டு மேனேஜர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டியது போல இருந்தது. அப்புறம், பிரிட்டனின் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட்டின் குழு நடத்திய வைட்ஹால் ஆய்வு. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேர் இருந்தார்கள். மாரடைப்பு என்றால் பெரிய பொறுப்பைச் சுமக்கும் உயரதிகாரிக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இந்த ஆய்வுகளில் பதவி கீழே இறங்க இறங்க இதயநோய் ஆபத்து ஏறுகிறது. தன் வேலையில் தனக்குப் பேச்சில்லை என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்றாக வருகிறது. அந்த இரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பலவீனம் என்று நான் நம்பியிருந்த ஒன்றை யாரோ எப்போதோ அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு எது? வேலையின் அளவா, வேறு ஏதாவதா?


இரவுப் பணி நர்ஸ்:

கண்காணிப்பு கூடத் தப்பும் கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் முதலில் வேலை பார்த்த வார்டில் ஏதாவது தவறினால் "யார் செய்தது?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். ஒரு விடியற்காலை இரண்டு நோயாளிகளின் மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். கை நீட்டிய பிறகுதான் பெயரைப் பார்த்தேன். ஒரு நொடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த இரண்டு மருந்துப் பெட்டிகளும் ஒரே நிறத்தில், ஒரே தட்டில் இருந்தன. அதே தட்டு, அதே நிறம் அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பெண்ணுக்கும் காத்திருந்தது. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

இப்போது இருக்கும் இடத்தில் வார்டு பொறுப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி நடந்தது?" இந்தச் சின்ன வித்தியாசத்தால் நாங்கள் பேசுகிறோம். இங்கேயும் ஆள் பற்றாக்குறை உண்டு, இங்கேயும் கால் வலிக்கும். ஆனால் ஷிஃப்ட் முடிந்து போகும்போது நெஞ்சில் எதையும் மறைத்துவைத்துக்கொண்டு போவதில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். அந்தக் குழுக்கள் அதிகம் பிழை செய்யவில்லை, செய்ததை வெளியே சொல்லின என்பது பிறகுதான் விளங்கியது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது என் பழைய வார்டில் பிழைப் பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.


இரண்டு டீமுக்கு நடுவில்:

எனக்கு இரண்டு மேலாளர்கள். ஒருவர் சொன்னதைச் செய்தால் மற்றவர் ஏன் செய்தாய் என்பார். என் பொறுப்பு என்ன என்று எழுத்தில் கேட்டேன். எட்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை. வேலை கஷ்டமே இல்லை. எது என் வேலை என்று தெரியாததுதான் கஷ்டம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு மன அழுத்தத்துக்கு வகுத்த ஆறு தலைப்புகளில், பளு, வேலையில் நமக்கு இருக்கும் உரிமை, ஆதரவு, உறவுகள், மாற்றம் இவற்றோடு பொறுப்புத் தெளிவும் ஒன்று என்று பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. மற்றவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன்.


கால் சென்டரில் 6 ஆண்டுகள்:

எங்கள் வேலையில் உடம்பு அசைவதில்லை, குரல்தான் வேலை செய்கிறது. ஒருவர் அசிங்கமாகத் திட்டி முடித்த இருபதாவது விநாடி அடுத்தவருக்கு மலர்ச்சியாக வணக்கம் சொல்லவேண்டும். அந்த மலர்ச்சிக்கும் மதிப்பெண் உண்டு. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். 1983-இலேயே. பெயர் இருப்பது தெரியாமல் ஆறு வருடம் அந்த உழைப்பைச் செய்திருக்கிறேன்.

வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? பேச்சே நின்றுபோனது. என் மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது "சரி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

யோகா வகுப்பு வைத்தார்கள், மன அமைதிச் செயலி கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் நிலைமையை மாற்றியது ஒரே ஒரு விதி. யாராவது கெட்ட வார்த்தை பேசினால் ஒருமுறை எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம், அதற்காக மதிப்பெண் குறையாது. அப்படி நான் துண்டித்தது மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். ஆனால் துண்டிக்க முடியும் என்பது ஒவ்வொரு அழைப்பிலும் என்னோடு இருந்தது. முதல் பதிவில் சகோதரி சொன்ன உரிமை இதுதான் என்று நினைக்கிறேன்.


டீம் லீடர்:

மறுபக்கத்திலிருந்து ஒருவர் எழுதவேண்டும் என்று தோன்றியது. அந்தப் புதிய மேனேஜர் போலவே நானும் இருந்திருக்கிறேன்.

இரவு பதினொன்றுக்கு மெயில் அனுப்புவேன். நாளைக்குப் பார்த்தால் போதும் என்றுதான் என் மனதில் இருக்கும், ஆனால் அதை எழுதமாட்டேன். மேலிருந்து எனக்கும் தினமும் இரண்டு முறை கேள்வி வரும், அதைக் கீழே கேட்பேன். என் டீமில் மிக நன்றாக வேலை செய்தவர் ராஜினாமா கொடுத்தார். வேறு வேலை கிடைக்கவில்லை, சும்மாவே போனார். காரணம் கேட்டேன். "போன் மினுக்கினாலே உங்கள் மெயிலோ என்று எழுந்து உட்காருகிறேன். என் மனைவிதான் இதைக் கவனித்துச் சொன்னாள்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரைவிட 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். அதைப் படித்துவிட்டு என் டீமின் நேரப் பதிவைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது பேரில் நான்கு பேர் 55-ஐத் தாண்டியிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டது நான்தான்.

இப்போது வாரத் தொடக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்து, இந்த வாரம் எதைச் செய்யப்போவதில்லை என்றும் முடிவு செய்கிறோம். அதை மேலிடத்தில் சொல்வது என் வேலை. முதல் இரண்டு மாதம் அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் வேலை தேங்கவில்லை, திருத்தி அனுப்புவது குறைந்ததில் அந்த நேரம் மிச்சமானது. போனவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, வரவேண்டும் என்றும் இல்லை.


கணக்குப் பிரிவு, 11 ஆண்டுகள்:

எல்லாவற்றையும் படித்தேன். டீம் லீடர் எழுதியதை மூன்று முறை.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன்அவுட்' என்பதை விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் எழுதியது. முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு அது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் முடிகிறது என்ற உணர்வு குறைவது, மூன்றும் சேர்ந்தது. மருத்துவப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தேடிய பதில் பரிசோதனையில் இருக்கவே இல்லை.

போன மாதம் மேனேஜரிடம் தனியாகப் பேசினேன். புகாராகச் சொல்லாமல் இரண்டே விஷயம் கேட்டேன். நிலவர மெயில் நாளுக்கு ஒன்று போதும். அவசரம் மாறினால் எதை நிறுத்தவேண்டும் என்பதையும் அவரே சொல்லவேண்டும். முதலாவதுக்கு ஒப்புக்கொண்டார். இரண்டாவதைப் பார்ப்போம் என்றார். இந்த வாரம் இரண்டு நாள் விடிகாலை நான்கு மணிக்கு விழிக்கவில்லை.

இரண்டு டீமுக்கு நடுவில் இருப்பவரே, தெம்பு வந்தால் எழுதுங்கள். அந்த எட்டு மாதத்தில் என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.