பழங்காலப் பண்ணை மியூசியத்தில் ஒரு நாள்: குழந்தைகளும் பெரியவரும் தாங்குவார்களா?

தூக்கணாங்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய உடையைப் போட்டுக்கொண்டு ஆட்கள் நிஜமாகவே உழுது, பால் கறந்து, விறகடுப்பில் சமைத்துக் காட்டும் பண்ணை மியூசியம் இருக்கிறதல்லவா, அப்படி ஓர் இடத்துக்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், பதினொரு வயதுப் பையன், நாலு வயதுப் பெண், மாமனார். பையன் ஃபோனைவிட்டுத் தலையை நிமிர்த்த மாட்டான். மாமனார் சின்ன வயதில் ஏர் பிடித்தவர், மாட்டையும் கலப்பையையும் பார்க்க யாராவது டிக்கெட் வாங்குவார்களா என்று இப்போதே கிண்டல் செய்கிறார், முழங்கால் வலி வேறு. அவர்களுடைய வரைபடத்தைப் பார்த்தால் கொல்லர் பட்டறை, பள்ளிக்கூடம், தொழுவம், பழைய வீடுகள் என்று முழுக்கப் புள்ளிகளாக இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாம் பார்க்க முடியுமா? கயிறு கட்டிய அறைக்குள் பொம்மைக்குப் பழைய சட்டை மாட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கதையாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு எங்காவது போகிறோம்.

மூன்றாம்மாடி:

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், அதுதான் முதல் விஷயம். வரைபடத்தை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக ஓடினால் எல்லா வீடும் ஒரே வீடாகத்தான் தெரியும், மதியத்துக்குள் சின்னவள் அழ ஆரம்பிப்பாள். அன்றைக்கு என்ன வேலை நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்த இடங்கள் பருவத்தை ஒட்டித்தான் ஓடும்: வசந்தத்தில் உழவு, ஆட்டுக்குட்டிகள், கம்பளி கத்தரிப்பு, கோடையில் வைக்கோலுக்குப் புல் அறுப்பு, அப்புறம் அறுவடை, கதிரடிப்பு. குளிர்ப் பிரதேசமாக இருந்தால் பனிக்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை வாளால் அறுத்துச் சேமிப்பதைக்கூடச் சில இடங்களில் செய்து காட்டுகிறார்கள். வேலை எதுவும் நடக்காத நாளில் போனால் வெறும் பழைய கட்டடங்கள்தான்.

காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். மாடுகளும் குதிரைகளும் வெயிலுக்கு முன்னால்தான் வேலை செய்யும், கூட்டமும் குறைவு. முழங்கால் வலிக்காரருக்கு நடை அதிகம்தான், பல இடங்களில் டிராக்டர் இழுக்கும் வண்டி ஓடுகிறது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி எடுத்துப்போனால் பெரிய சக்கரம் வைத்தது, சின்னச் சக்கரம் சரளைக்கல்லில் உருளாது. சமையலறையில் ரொட்டி வேகிற வாசனை ஆளைத் தூக்கும், ஆனால் சுகாதார விதிகளால் அதைப் பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள், எனவே குழந்தைகளிடம் ஆசை காட்டி வைக்காதீர்கள்.

வைக்கோல்போர்:

நான் அப்படி ஒரு பண்ணையில் வார இறுதியில் தன்னார்வலராக வேலை செய்கிறேன், அந்தக் கனமான உடையைப் போட்டுக்கொண்டு வியர்க்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பொம்மை பயம் வேண்டாம். ஆனால் போகும் இடம் எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. சில இடங்களில் ஊழியர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே பேசுவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் மியூசியத்தின் ஆங்கிலேயர் கிராமம் அப்படித்தான், அங்கே நிற்பவருக்கு 1620-களுக்குப் பிறகு எதுவும் தெரியாது, ஃபோனைக் காட்டினால் விழிப்பார். அதே மாநிலத்தில் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் கிராமத்தில் உடை 1830-களுடையது, ஆனால் பேச்சு இன்றைய பேச்சு, எதை வேண்டுமானாலும் நேராகக் கேட்கலாம். உங்கள் பையன் வயதுக்கு இரண்டாவது வகைதான் சரிப்படும் என்பது என் எண்ணம். முதல் வகையில் அந்த வயதுப் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது ஆளை மாட்டிவிடப் பார்க்கிறார்கள்!

பையனுக்குக் கையில் வேலை கொடுங்கள். மக்காச்சோளம் உதிர்க்கும் இரும்பு இயந்திரம் இருந்தால் விடவே மாட்டான்: கதிரை மேலே போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் மணிகள் கீழே கொட்டும், சக்கை பக்கவாட்டில் வந்து விழும். வெண்ணெய் கடையும் இடத்தில் ஐந்து நிமிஷம் போதும் என்று கிளம்பிவிடுவார்கள், பாவம், அங்கேதான் நிற்க வேண்டும். பாலேடு 15 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருந்தால் ஒழுங்காகத் திரளும், சூடாக இருந்தால் குழகுழவென்று எண்ணெய்ப் பசையாகும், ரொம்பக் குளிர்ந்திருந்தால் கை விட்டுப் போகும் வரை கடைய வேண்டும். அந்தக் காலத்தில் தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள், எங்களுக்கு அரை மணி நேரம் பேச விஷயம் கிடைத்துவிடும்.

மாமனாரைப் பற்றிக் கவலையே படாதீர்கள். ஏர் பிடித்தவர்கள் வந்தால் எங்களுக்குத்தான் உள்ளுக்குள் உதறும். கொழு ஆழமாகப் போகிறது, நுகத்தடி ஒரு பக்கம் சாய்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். உழவு நடக்கும் வயல் ஓரத்தில் உட்கார இடம் பார்த்து அவரை விட்டுவிட்டு நீங்கள் மற்றதைப் பார்க்கப் போகலாம்.

குறுக்குக்கேள்வி:

ஒரு மாற்றுக் கருத்து. இந்த இடங்கள் அழகாக இருக்கும், அதுதான் எனக்குப் பிரச்சினை. வேலியெல்லாம் நேராக இருக்கும், யாருக்கும் கடன் இருக்காது, எந்தக் குழந்தையும் அம்மை வந்து சாகாது. நிற்கிற வீடுகள்கூடப் பல நேரம் வேறு வேறு ஊர்களில் இருந்தவை. 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியுஸ் தொடங்கிய ஸ்கான்சென்தான் திறந்தவெளி மியூசியங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி, அவர் நாடு முழுவதிலிருந்தும் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார். கட்டடங்கள் பிழைத்தன, சரி. ஆனால் அந்தக் கிராமம் அப்படி எங்கேயும் இருந்ததில்லை. பிள்ளைகள் அதை நிஜம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெஸ் மாயின் நகரத்துக்குப் பக்கத்தில் லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வில்லியம் முர்ரே என்ற வேளாண் பொருளாதாரப் பேராசிரியரின் முயற்சி, 1967-ல் தொடங்கியது. அங்கே 1700-ம் ஆண்டு அயோவே பழங்குடியினரின் பண்ணை, 1850-ம் ஆண்டு குடியேறிகளின் பண்ணை, 1900-ம் ஆண்டுப் பண்ணை மூன்றும் இருக்கின்றன. 1850-ல் எருது, 1900-ல் குதிரை. எருது மலிவு, புல்லைத் தின்று உழைக்கும், லகான்கூட வேண்டாம், பக்கத்தில் நடந்துகொண்டே குரல் கொடுத்தால் திரும்பும். ஆனால் அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அதன் நடை போதவில்லை, குதிரை வேண்டியிருந்தது, குதிரை வந்ததும் அதற்கு ஓட்ஸ் விளைவிக்கத் தனியாக நிலம் வேண்டியிருந்தது. முதல் பண்ணையில் இருந்தவர்கள் இரண்டாவது பண்ணை வருவதற்குள் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் தானாக வந்துவிடுகிறது பாருங்கள். நீங்கள் போகும் இடத்தில் இப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்: இந்த நிலம் இதற்கு முன் யாருடையது, கூலியாட்கள் எங்கே தூங்கினார்கள், துணி துவைத்தது யார். மற்றபடி அரை நாள் போதும்.

வைக்கோல்போர்:

@குறுக்குக்கேள்வி, கேள்வி நியாயம்தான், ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். துணி துவைக்கும் நாளில் வந்து பாருங்கள். தண்ணீர் சுமந்து, காய்ச்சி, அடித்து, பிழிந்து முடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும், அதில் அழகு ஒன்றும் இல்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

தூக்கணாங்குருவி:

எல்லோருக்கும் நன்றி. கையில் வேலை என்றதும் பையன் நிமிர்ந்து பார்த்தான், அதுவே பெரிது. இன்னொன்று. என் நாத்தனாரும் வருகிறேன் என்கிறாள், அவள் ஐந்து மாதக் கர்ப்பம். அங்கே இப்போது ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றனவாம், அதைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. பரவாயில்லையா?

இரவுப்பணி:

நர்ஸாக இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். குட்டி ஈனும் ஆடுகள் பக்கமும் புதிதாகப் பிறந்த குட்டிகள் பக்கமும் அவர் போகக் கூடாது. நஞ்சுக்கொடி, ஈரம், அதைத் தொட்டவரின் உடை, செருப்பு எல்லாவற்றிலும் டாக்ஸோபிளாஸ்மா, லிஸ்டீரியா, ஆடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் ஒரு வகை கிளமிடியா என்ற கிருமிகளெல்லாம் இருக்கலாம், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. மற்ற இடங்களைச் சுற்றிப் பார்க்கட்டும், ஆட்டுக் கொட்டகை மட்டும் வேண்டாம், அங்கே போய்விட்டு வந்தவர்களின் கோட்டு, செருப்பை அவர் தொடவும் வேண்டாம். பிறகு ஏதாவது காய்ச்சல் வந்தால் பண்ணைக்குப் போனதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் நாலு வயதுக்காரிக்கும் ஒன்று: மிருகங்களைத் தொட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், ஜெல் போதாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியை ஆல்கஹால் ஜெல் கொல்லாது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஈ.கோலை கிருமித் தொற்று வந்தால் சிறுநீரகம் வரை பாதிக்கலாம். கை கழுவும் வரை தின்பண்டம், விரல் சூப்பல் இரண்டும் கூடாது.

மூன்றாம்மாடி:

அப்படியென்றால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள். நாத்தனாரும் மாமனாரும் உழவு பக்கம், நீங்கள் பிள்ளைகளோடு தொழுவம், வெண்ணெய், பட்டறை. முதல் நாள் ஒரு ஃபோன் போட்டு உழவு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள், இரவு மழை பெய்து நிலம் சேறானால் மாட்டை இறக்க மாட்டார்கள்.