ஜூலை 31-ஆ, ஆகஸ்ட் 10-ஆ? குளச்சல் போர் தேதி

பத்மநாபபுரத்தான்:
திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா குளச்சல் கரையில டச்சுக் கம்பெனிப் படையை ஜெயிச்ச போர் பத்தி காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் சுத்துது: "1741 ஆகஸ்ட் 10, ஒரே நாளில் டச்சுப்படையை முடித்த மார்த்தாண்ட வர்மா." ஆகஸ்டுக்குத் தள்ளின புண்ணியவான் யாரு? மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது பட்டாலியன் குளச்சல் நாள் கொண்டாடுகது ஜூலை 31. பட்டாளத்துக்குத் தெரியாதது போஸ்டர்காரருக்குத் தெரிஞ்சிட்டு!

வேளிமலைக் காற்று:
அந்தப் போஸ்டரில் ஒரு தப்பும் இல்ல. ஜூலை 31 பழைய (ஜூலியன்) காலண்டர், ஆகஸ்ட் 10 புது (கிரிகோரியன்) காலண்டர். பத்து நாளைக் கூட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு வரலாறு?

தக்கலை கணக்கு:
கூட்டத் தெரிஞ்சவரே, 10 எங்கிருந்து வந்தது? ரெண்டு காலண்டருக்கும் 10 நாள் வித்தியாசம் இருந்தது 1700 பிப்ரவரி வரைக்கும்தான். பழையது 1700-ஐ லீப் வருஷமா எடுத்தது, புதுசு எடுக்கல. அதோட வித்தியாசம் 11 ஆச்சு. 1741-ல ஜூலை 31-ஐ மாத்தினா வருகது ஆகஸ்ட் 11. ஆகஸ்ட் 10 வேணும்னா ஜூலை 30-ல தொடங்கணும்.

வேளிமலைக் காற்று:
ஒரு நாள் முன்ன பின்ன. அதுக்கு இம்புட்டுப் பாட்டா?

தக்கலை கணக்கு:
தேதி விவாதத்தில ஒரு நாள் முன்ன பின்னயா! இன்னும் கேளும். ஹாலந்து 1580-களிலேயே புது காலண்டருக்கு மாறியாச்சு, டச்சுக் கம்பெனி எழுதினதெல்லாம் புதுத் தேதி. பழைய தேதி போட்டது அஞ்சுதெங்குக் கோட்டையில இருந்த ஆங்கிலேயர், 1752 செப்டம்பர் வரைக்கும். ஆக, ஜூலை 31 டச்சு எழுத்துன்னா மாத்தவே வேண்டாம். ஆங்கிலேயர் எழுத்துன்னா ஆகஸ்ட் 11. பத்துக்கு எங்கயும் இடம் இல்ல.

பத்மநாபபுரத்தான்:
அப்போ ஜூலை 31 சரிதானே. அதைத்தான் நானும் சொல்லுகேன்.

தக்கலை கணக்கு:
நான் அப்படிச் சொல்லவே இல்ல. 10 தப்புன்னேன்.

குளச்சல் துறை:
ரெண்டு பேரும் கடலைப் பாத்துட்டுப் பேசுங்க. சண்டை ஒரே நாளில முடியல. ஆடி மாசம் தென்மேற்குக் காத்து கரையைப் பாத்து அடிக்கும். நங்கூரம் நழுவிச்சுன்னா பாய்க்கப்பல் நேரா பாறையில. கப்பல் வெளியே கிடந்து தோணியில ஆளும் வெடிமருந்தும் இறக்கணும். அலை உடையுத இடத்தில தோணி குறுக்க திரும்பினா ஆளும் போச்சு, மருந்தும் நனைஞ்சு போச்சு. இலங்கையிலிருந்து துணைப்படை வர வழி இல்லாம, கரையில அடைப்பு கட்டி இருந்தவங்களைத் திருவிதாங்கூர் படை சுத்தி வளைச்சது. டச்சு ஆவணம் பாத்து எழுதினவங்க கணக்கு இது: ஆகஸ்ட் 5 குண்டு விழுந்து மருந்துப் பீப்பாய் வெடிக்குது, தீயில அரிசி முழுக்கப் போகுது, ஆகஸ்ட் 7 சரண். அரிசி போன பிறகு எத்தனை துப்பாக்கி இருந்து என்ன?

மண்டைக்காட்டான்:
அண்ணாச்சிமாரே, போர் நாள்னா எது? வளைச்ச நாளா, வெடிச்ச நாளா, சரணடைஞ்ச நாளா? அதை முதல்ல முடிவு பண்ணினா போதுமே.

வேளிமலைக் காற்று:
ஆகஸ்ட் 7-ன்னு ஒரு புதுசு! ஆகஸ்ட் 7-ல சரணடைஞ்சா 10-ல யாரு சண்டை போட்டா?

தக்கலை கணக்கு:
அதைத்தான் உம்மகிட்ட கேக்கேன். 10 எங்கிருந்து வந்தது?

குளச்சல் துறை:
தேதிக்கு அடிச்சுக்கிடுங்க. துடுப்பைத் தோளில வச்சு வரிசையா நின்ன முக்குவரை, கடலோர மீனவங்களை, மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க. மாட்டுவண்டியில பனந்தடியை ஏத்திப் பீரங்கி மாதிரி காட்டினதும் கரைக்காரங்கதான். எதிரி மருந்தைத் தடியில சுட்டே தீர்த்தான்.

பத்மநாபபுரத்தான்:
பனந்தடிக்கு ஆவணம் உண்டா சாரே? அது வாய்மொழிக் கதை. ஜெயிச்சது படை.

குளச்சல் துறை:
கரைக்காரன் செஞ்சா கதை, கோட்டைக்காரன் செஞ்சா வரலாறு. நல்லாருக்கு வேய் நியாயம். டச்சுத் தளபதி டிலனாய்க்கு மட்டும் உதயகிரிக் கோட்டையில கல்லறை, கல்வெட்டு, எல்லாம் இருக்கு. தோத்து சரணடைஞ்ச ஆளு!

பத்மநாபபுரத்தான்:
அந்த ஆளுதான் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தாரு. 1777-ல சாகிற வரைக்கும் இங்கதான் இருந்தாரு. ஒண்ணும் தெரியாம பேசக் கூடாது.

மண்டைக்காட்டான்:
கொல்லம் ஆண்டு 916 ஆடின்னு போட்டா உங்க எல்லாத் தேதியும் அதுக்குள்ள அடங்கிரும். போர் நாள்னா எதுன்னு இன்னும் யாரும் சொல்லல.

தக்கலை கணக்கு:
ஆடியில முப்பதுக்கு மேல நாள் இருக்கு மக்கா. போஸ்டரில அத்தனையும் போடுவாங்களா?

வேளிமலைக் காற்று:
1956 நவம்பர் 1 குமரி தமிழ்நாட்டோட இணைஞ்சது பத்திப் பேசினப்பவும் இப்படித்தான். ஒத்தை எண்ணைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் விரட்டினீரு.

தக்கலை கணக்கு:
அங்கயும் நான் சொன்னதுதான் நின்னுது.

பத்மநாபபுரத்தான்:
யாரு என்ன கணக்கு போட்டாலும் வர்ற ஜூலை 31 குளச்சல் வெற்றித் தூணுக்கு மாலை விழும். ஆகஸ்ட் 10-காரங்க தனியா வந்து போட்டுக்கிடுங்க.

வேளிமலைக் காற்று:
போடத்தான் போறோம். ஆகஸ்ட் 10.

தக்கலை கணக்கு:
தாராளமா போடுங்க. போட்டோவுக்குக் கீழ அந்த 10 எப்படி வந்ததுன்னும் எழுதுங்க.