சூமோவில் வடபழனி சிக்னல்: பைக்குகள் முன்னால் வரவே மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

கவிதா:
இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக வடபழனி சந்திப்பை சூமோ என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டுகிறேன். மேப் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தது, இடதுபக்க ஓட்டமும் போட்டாயிற்று. ஆனால் சிவப்பு விழுந்தால் பைக்குகள் கார்களுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஆற்காடு சாலையில் வரிசை நேரில் இருப்பதைவிட ரொம்ப நீண்டுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் நெரிசலில் நிற்கும் வண்டி மாயமாகி வேறு இடத்தில் முளைக்கிறது. எங்கே பார்ப்பது?

சரவணன்:
தங்கச்சி, சூமோ ஜெர்மனியில் பிறந்தது. சும்மா ஓட்டினால் ஒரு லேனில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வண்டி நிற்காது. லேட்டரல் ரெசல்யூஷன் என்ற அமைப்பை 0.8 என்று கொடுங்கள், 3.2 மீட்டர் லேன் நான்கு கீற்றாகப் பிரியும். அதோடு விட்டால் போதாது. கார் அகலம் 1.8 மீட்டர், லேன் நடுவில் நிற்கும். அடுத்தடுத்த லேன்களில் நிற்கும் இரண்டு கார்களுக்கு இடையே 1.4 மீட்டர்தான் கிடைக்கும். பைக் 0.9 மீட்டர், இருபுறமும் 0.6 மீட்டர் இடைவெளி விடப் பார்க்கும். எப்படி நுழையும்? பக்கவாட்டு இடைவெளியை 0.2 ஆக்குங்கள், 1.3-இல் முடிந்துவிடும். நம்ம ஊரில் அதுவே தாராளம்!

மாயமாவது பிழையல்ல. 300 விநாடி நகராத வண்டியை சூமோவே தூக்கி முன்னால் போடும். அதை நிறுத்த அந்த 300-க்குப் பதில் -1 கொடுக்கலாம், ஆனால் உடனே நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் தூக்குகிறது என்று எச்சரிக்கை வரிகளில் பாருங்கள், அடைப்பு அங்கேதான்.

ஷாஹுல்:
சிக்னல் நேரத்தையும் பாருங்கள். மேப்பில் அது வராது. சூமோ தானாக 90 விநாடி சுற்று போட்டுவிடும். சந்திப்பில் நின்று ஸ்டாப்வாட்சில் அளந்துதான் ஆக வேண்டும். வண்டிகளை எண்ணும்போது நூறடிச் சாலை மேம்பாலத்தில் போகிறவர்களைத் தனியாக எண்ணுங்கள், அவர்கள் சிக்னலுக்கு வருவதே இல்லை. பயணங்களைத் தோராயமாக உருவாக்கும் ரேண்டம் ட்ரிப்ஸ் கருவி வேண்டாம், அது வடபழனியின் காலை நேரத்தைக் காட்டாது.

கவிதா:
நன்றி அண்ணா! பைக்குகள் இப்போது இடையில் புகுந்து கோட்டுக்கு வந்துவிடுகின்றன, வரிசையும் குறைந்தது. ஆட்டோவுக்கும் 0.2 போடலாமா?

சரவணன்:
வேண்டாம், ஆட்டோ அகலம் சுமார் 1.3 மீட்டர். தனி வண்டி வகையாக எழுதி 0.3 கொடுங்கள். அது கார்களுக்கு நடுவே நுழையாது. ஓரமாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.