சண்டையை விலக்கப் போய்க் கை கிழிந்தால் இழப்பீடு உண்டா?

இரவுப்பணி (சிங்கப்பூர்):
நான் மேற்பார்வையாளராக இருக்கும் சிராங்கூன் சாலை மதுக்கூடத்தில் போன சனிக்கிழமை நள்ளிரவு இரண்டு மேசைக்காரர்கள் கைகலந்தார்கள். கல்லாவிலிருந்த மேலாளர், "போய் விலக்கிவிடு" என்று கத்தினார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் பகுதிநேரப் பணியாளர் தம்பி ஒருவன் நடுவில் நுழைந்தான். உடைந்த பீர்க் குவளை அவன் கட்டைவிரல் ஓரமாக உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஏழு தையல், 12 நாள் மருத்துவ விடுப்பு. "சண்டையில் பட்ட காயத்துக்குக் காப்புறுதி தராது, பகுதிநேர ஆளுக்கு விடுப்புச் சம்பளமும் கிடையாது" என்கிறார் முதலாளி. இது சரிதானா?

பழைய தரகர்:
உங்கள் முதலாளி சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார். அதுவும் தமக்கு வசதியான பாதியை.

சண்டை போட்டவருக்கு இழப்பீடு இல்லை என்பது உண்மை. ஆனால் தற்காப்புக்காகவோ, முதலாளி தரப்பு சொல்லிச் சண்டையை விலக்கும்போதோ காயம்பட்டால் அந்தத் தடை பொருந்தாது. ஆகவே மேலாளர் கத்திய அந்தச் சொல்தான் இங்கே உயிர்நாடி. யார் காதில் விழுந்தது என்று இன்றே எழுதி வையுங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவை உடனே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

பகுதிநேரம், முழுநேரம், உள்ளூர், வெளிநாடு எல்லாருக்கும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் ஒன்றுதான். வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளுக்குச் சராசரி வருமானம் முழுதாகக் கிடைக்கும். தம்பியின் 12 நாளும் அதற்குள் அடங்கிவிடுகிறது. மிகைநேரச் சம்பளமும் அந்தச் சராசரியில் சேரும். மருத்துவச் செலவு தனி. காயத்துக்காக ஒரே ஒரு நாள் விடுப்புக் கொடுத்தாலும் முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் அசையாவிட்டால் தம்பியே தெரிவிக்கலாம். கோரிக்கைக்கு விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. காப்புறுதி நிறுவனம் கைவிரித்தாலும் முதலாளியின் பொறுப்பு அப்படியே நிற்கும்.

தையல் பிரித்தபின் கட்டைவிரல் முன்போல் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்காவிட்டால் அது நிரந்தரக் குறைபாடாக இருக்கலாம். அதற்கு இழப்பீடு வேறு கணக்கு.

கடைக்காரர்:
நானும் ஒரு சின்ன மதுக்கூடம் நடத்துகிறேன். எல்லா முதலாளிகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒரு சந்தேகம்: வாசலில் நிற்கும் பாதுகாவலர்களை ஒரு பாதுகாவல் நிறுவனத்திடமிருந்து எடுக்கிறேன். அவர்கள் அடிபட்டால் யார் பொறுப்பு?

பழைய தரகர்:
அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம்தான். அந்த நிறுவனத்தின் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் சொந்த ஆட்களைப் பொறுத்தவரை, பரிமாறுகிறவரை எழுத்தர் என்று காட்டிக் காப்புறுதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவானாலும் காப்புறுதி கட்டாயம். எடுக்காதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

இரவுப்பணி:
நன்றி ஐயா. இன்னும் இரண்டு கேள்வி. அன்று ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்தி அவனுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்திருந்தார். அது சிக்கலா? இனிக் காலையில் வீடு திரும்பும்போது வண்டியில் விழுந்தால்?

பழைய தரகர்:
மதுவின் பிடியில் இருந்ததால் காயம் என்று நிரூபித்தால் இழப்பீடு போய்விடும். ஒரு குவளை குடித்தவர் மேல் அடுத்தவர் கையிலிருந்த கண்ணாடி இறங்கியது வேறு விஷயம். ஆனாலும் அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கத்தான் செய்வார்கள். அவனைப் பரிசோதித்த மருத்துவரின் குறிப்பில் போதை பற்றி ஏதும் உண்டா என்று பாருங்கள். வேலை நேரத்தில் வாடிக்கையாளர் கொடுப்பதை வாங்கிக் குடிக்கும் வழக்கத்தை நம் கூடங்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.

சொந்த வண்டியில் வீடு திரும்பும்போது நேரும் விபத்து இந்தச் சட்டத்துக்குள் வராது. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போனால் வரும்.