ஆமைப் பொரிப்பகத்துக்கு நிழல்வலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னைக்குத் தெற்கே, பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கும் குழுவில் இருக்கிறேன். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டினால் பெண்களே மிகுதி, 35ஐ நெருங்கினால் கரு பிழைப்பதே அரிது. மார்ச் கடைசியில் புதைத்த குழியைத் தோண்டியபோது, முழுதாய் வளர்ந்தும் முட்டை ஓட்டுக்குள்ளேயே இறந்துபோன குஞ்சுகளைக் கையில் எடுத்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

வரும் கோடைகள் எவ்வளவு சுடும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெயிலைத் தடுக்கும் நிழல்வலையை எல்லாக் குழிகளுக்கும் மேலே கட்டினால், மணலின் சூடு குறைந்து ஆண்-பெண் விகிதத்தை நாமே குலைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். பாதிக் குழிகளுக்கு மட்டும் கட்டி, வெப்பமானி புதைத்து ஒப்பிட்டு, ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

எத்தனை சதவீதம் வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டினீர்கள்? எந்த வாரத்தில்? முட்டை இருக்கும் ஆழத்தில் எத்தனை டிகிரி குறைந்தது? குறிப்பேடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.