புதுப்பிப்பு: காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களை எந்த ஜெபத்தில் வாசிப்பது?

கிளிநொச்சியில் உள்ள எங்கள் சிறிய சபையில், 2009 போரின் இறுதியில் கொல்லப்பட்டோரை நினைவுகூரும் மே 18 ஆராதனையில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களையும் இறந்தோரின் பெயர்களோடு வாசிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தே வாசிக்கும்படி பலர் எழுதியிருந்தீர்கள்.

சேர்க்கவில்லை. முதல் நாள் மாலை ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று இங்குள்ள கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்தவர். மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே, “போதகர் ஐயா, என் பிள்ளையை நீங்களும் சாகடித்துவிடாதீர்கள்” என்றார்.

எனக்கு வாய் எழவில்லை. இத்தனை ஆண்டுகளும் ஆறுதலை அவசரப்பட்டுப் பிரசங்கித்திருக்கிறேன். வேதாகமத்தில், எரேமியா 31இல், தன் பிள்ளைகளுக்காக அழும் ராகேல் ஆறுதலடைய மறுக்கிறாள். அதற்காகக் கர்த்தர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்றே சொல்கிறார். அந்த வசனத்தை இப்போதுதான் சரியாக வாசித்தேன்.

இறந்தோருக்கு மெழுகுதிரி ஏற்றினோம். மற்றப் பெயர்களை, நோயாளிகளுக்காகவும் தூரத்தில் இருப்பவர்களுக்காகவும் மன்றாடும் ஜெபத்தில் வாசித்தேன். தன் மகனின் பெயர் வந்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

ஆராதனை முடிந்து, போரின் கடைசி நாட்களில் மக்கள் கஞ்சி குடித்து உயிர் பிழைத்ததன் நினைவாக, சிரட்டைகளில் உப்புக் கஞ்சி குடித்தோம். இனி ஞாயிறுதோறும் அந்தப் பட்டியல் அதே ஜெபத்தில் வாசிக்கப்படும்.